கனச் சக்கரமா, இலேசான சக்கரமா? – மோட்டார் வாகன ஃபிளைவீல் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

இயற்பியல் ஆய்வகத்தின் சுவரில் ஒரு கனத்த இரும்புச் சக்கரம் பொருத்தப்பட்டிருப்பதை நம் மாணவர்கள் அறிவர். அதன் அச்சில் நூலைச் சுற்றி, எடைக்கல்லைத் தொங்கவிட்டு, சுற்றுகளை எண்ணி, நிலைமத் திருப்புத்திறனைக் கணக்கிட்டு, மதிப்பெண் பெற்றதும் அச்சக்கரத்தை மறந்துவிடுவது வழக்கம். அதே சக்கரம் கிளட்ச் மிதித்து ஓட்டும் ஒவ்வொரு காரினுள்ளும் சுழன்றுகொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இக்கட்டுரைக்கு வித்திட்டவர் தமிழிலக்கிய வகுப்பு மாணவர் ஒருவர். அவருடைய அத்தா காலமான பிறகு, அண்ணன் ஓட்டும் ஒரே வாடகைக் கார்தான் அக்குடும்பத்தின் வாழ்வாதாரம். பழைய மூன்று சிலிண்டர் வண்டி. பெரும்பாலும் மலைப்பாதைச் சவாரி. கிளட்ச் மாற்றுவதற்காக கியர்ப் பெட்டியை இறக்கியபோது, லேத் பட்டறைக்காரர் ஒருவர், “ஃபிளைவீலில் மூன்று கிலோ கடைந்து எடுத்துவிட்டால் வண்டி பறக்கும்” என்று கூறியிருக்கிறார். “செய்யலாமா ஐயா?” என்று மாணவர் வந்து நின்றார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையளிக்க இயலவில்லை. அன்று தாளில் போட்டுக் காட்டிய கணக்கையும் அதன் விளக்கத்தையும் ஒழுங்குபடுத்தி ஈண்டுத் தருகிறேன்.

ஃபிளைவீல் என்பதற்குத் தமிழில் பல சொல்லாக்கங்கள் உண்டு. எனினும் பட்டறையில் வழங்கும் சொல்லே படிப்போர்க்கு எளிது என்பதால் அதனையே இக்கட்டுரையில் ஆள்கிறேன்.

சக்கரம் செய்யும் சேமிப்பு

குயவர் தம் திகிரியைக் கோலால் சில முறை சுழற்றிவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். மண் வனையப்படும் நேரம் முழுவதும் திகிரி தானே சுழல்கிறது. விட்டுவிட்டு அளிக்கப்பட்ட உழைப்பைச் சேமித்து, விடாமல் வழங்குவதே கனமான சக்கரத்தின் குணம். ஃபிளைவீலின் தத்துவம் முழுவதும் இத்திகிரியில் அடங்கிவிடுகிறது எனலாம்.

வட்ட இயக்கத்தை முன்பின் இயக்கமாக மாற்றும் கலையில் இஸ்லாமிய உலகப் பொறியாளர்களுக்கும் சிறப்பிடம் உண்டு. தியார்பகிரில் அர்துகீ அரசர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206-இல் நிறைவுசெய்த பொறியியல் நூலில், நீரோட்டத்தால் சுழலும் சக்கரத்தைக் கொண்டு இரண்டு உருளைகளில் பிஸ்டன்களை முன்னும் பின்னும் இயக்கும் நீரேற்றி ஒன்றை விளக்கியுள்ளார். இன்றைய கார் எஞ்சின் இதனை மறுதலையாகச் செய்கிறது; பிஸ்டனின் மேல்கீழ் இயக்கத்தைக் கிராங்க் அச்சின் சுழற்சியாக மாற்றுகிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினைச் சுழலும் எஞ்சினாக மாற்றியபோது, விட்டுவிட்டு வரும் உந்தலைச் சீராக்கப் பெரியதொரு ஃபிளைவீலைப் பொருத்தினார்.

எஞ்சினுள் அதன் பணிகள்

நான்கு வீச்சு எஞ்சினில், உறிஞ்சுதல், அழுத்துதல், வெடித்தல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு வீச்சுகளில் ஒன்றுதான் ஆற்றலைத் தருகிறது. ஏனைய மூன்றும் ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. இந்நான்கும் முடியக் கிராங்க் அச்சு இரண்டு சுற்றுகள், அதாவது 720 பாகை சுழல வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் 180 பாகைக்கு ஒரு வெடிப்பு நிகழ்வதால், ஒன்றின் ஆற்றல் வீச்சு முடியுமிடத்தில் அடுத்தது தொடங்கிவிடுகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சினிலோ 240 பாகைக்கு ஒரு முறையே வெடிப்பு. ஆற்றல் வீச்சின் நீளம் 180 பாகைதான் என்பதால், ஒவ்வொரு 240 பாகையிலும் குறைந்தது 60 பாகை அளவுக்கு எந்தச் சிலிண்டரும் அச்சைத் தள்ளுவதில்லை. அவ்விடைவெளியைக் கடத்திவிடுவது ஃபிளைவீலில் சேமிக்கப்பட்ட சுழற்சிதான். சிலிண்டர்கள் குறையக் குறைய ஃபிளைவீலின் பொறுப்பு மிகுகிறது என்பது இதனால் விளங்கும்.

இச்சக்கரத்துக்கு வேறு மூன்று பணிகளும் உண்டு. அதன் விளிம்பில் இறுக்கப்பட்ட பல்வளையத்தைப் பற்றியே ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைக் கிளப்புகிறது. அதன் வழவழப்பான முகத்தில் கிளட்ச் தட்டு அழுந்திப் பற்றியே எஞ்சினின் ஆற்றல் கியர்ப் பெட்டிக்குச் செல்கிறது. மூன்றாவதாக, கிளட்ச் வழுக்கும்போது பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்வதும் இதுவே. எடையைக் குறைக்க முனைவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்த மூன்றாம் பணியைத்தான்.

நிறை மட்டுமன்று, நிறை இருக்கும் இடமும்

நேராகச் செல்லும் பொருளின் வேகத்தை மாற்றுவதற்கு அதன் நிறை தடையாக நிற்பதுபோல, சுழலும் பொருளின் வேகத்தை மாற்றுவதற்கு அதன் நிலைமத் திருப்புத்திறன் தடையாக நிற்கிறது. அச்சிலிருந்து ஒரு துகள் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அத்தொலைவின் இருமடியை அதன் நிறையோடு பெருக்கினால், அத்துகளின் பங்கு கிடைக்கும். எனவே 14 செ.மீ. தொலைவில் விளிம்பில் இருக்கும் 1 கிலோ இரும்பு, 7 செ.மீ. தொலைவில் இருக்கும் 1 கிலோ இரும்பைப் போல நான்கு மடங்கு தடை செய்கிறது. விற்பனையாளர் “இத்தனை கிலோ குறைவு” என்று மட்டும் கூறினால் அது அரைச் செய்தியே. எங்கிருந்து குறைந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

சீரான தடிப்புள்ள வட்டத் தட்டுக்கு, நிறையில் பாதியை ஆரத்தின் இருமடியால் பெருக்கினால் நிலைமத் திருப்புத்திறன் கிடைக்கும். இவ்விதி ஒன்றே நம் கணக்குக்குப் போதும்.

ஒரு மாதிரிக் கணக்கு

ஆரம் 14 செ.மீ., நிறை 8 கிலோ உள்ள சீரான தட்டை இயல்பான ஃபிளைவீல் என்றும், அதே ஆரத்தில் 5 கிலோ உள்ளதை இலேசான ஃபிளைவீல் என்றும் கொள்வோம். காரின் சக்கர ஆரம் 28 செ.மீ.; ஆட்களோடு காரின் நிறை 1,000 கிலோ. முதல் கியரின் விகிதம் 3.5; இறுதி விகிதம் 4. ஆகவே முதல் கியரில் கார்ச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஃபிளைவீல் 14 சுற்றுகள் சுற்றிவிடுகிறது.

இப்போது கேள்வி இது: ஃபிளைவீலின் சுழற்சித் தடை, காரில் எத்தனை கிலோ கூடுதல் சுமை ஏற்றியதற்கு ஒப்பாகும்? 8-இல் பாதி 4. ஃபிளைவீல் ஆரம் கார்ச் சக்கர ஆரத்தில் பாதி. அதன் இருமடி கால். 4-இல் கால் 1. இதனைக் கியர் விகிதத்தின் இருமடியால், அதாவது 14-இன் இருமடியான 196-ஆல் பெருக்க, 196 கிலோ கிடைக்கிறது. 8 கிலோ சக்கரம், முதல் கியரில் வேகமெடுக்கும்போது 196 கிலோ சுமையாக நடந்துகொள்கிறது! இலேசான சக்கரத்துக்கு இதே வழியில் 122.5 கிலோ வருகிறது. வேறுபாடு 73.5 கிலோ. நன்கு வளர்ந்த ஓர் ஆள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டதற்கு இது சமம்.

ஐந்தாம் கியருக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அதன் விகிதம் 0.8 எனில், இறுதி விகிதத்தோடு சேர்ந்து 3.2. அதன் இருமடி 10.24. ஆகவே இயல்பான சக்கரம் 10.24 கிலோ, இலேசான சக்கரம் 6.4 கிலோ. வேறுபாடு 4 கிலோவுக்கும் குறைவு. ஒரு பை அரிசிகூட இல்லை.

இக்கணக்கின் முடிவுகளைத் தொகுத்துக் கூறுவோம்:

1. முதல் கியரில் மொத்த நிலைமம் 1,196 கிலோவிலிருந்து 1,122.5 கிலோவாகக் குறைகிறது. ஏறத்தாழ 6 விழுக்காடு ஆதாயம்.

2. ஐந்தாம் கியரில் ஆதாயம் 0.4 விழுக்காடு மட்டுமே. ஓட்டுநரால் இதனை உணரவே இயலாது.

3. ஒரே சீரான வேகத்தில் செல்லும்போது ஆதாயம் ஏதும் இல்லை. வேகம் மாறாதபோது நிலைமம் தடை செய்வதில்லை.

“இலேசான ஃபிளைவீல் எஞ்சினின் குதிரைத் திறனைக் கூட்டும்” என்பது பரவலான பேச்சு. இது பிழை. எஞ்சின் ஈனும் திறன் மாறுவதில்லை. தன் சக்கரத்தை வேகப்படுத்தவே அது செலவிடும் பங்குதான் குறைகிறது. காரின் உச்ச வேகமும் மாறாது. அதுபோலவே “கனமான ஃபிளைவீல் முறுக்கு விசையைக் கூட்டும்” என்பதும் பிழையே. அது சேமித்ததைத் திருப்பித் தருகிறதேயன்றிப் புதிதாக ஒன்றையும் உண்டாக்குவதில்லை.

இலேசான சக்கரத்தின் தகுதி

இலேசான சக்கரத்தை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பந்தயத் தளத்தில் அதற்கென்று உரிய இடம் உண்டு. மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கியவர் கோவையைச் சேர்ந்த கரிவரதன். சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைக்கு அருகில் அவர் பெயராலேயே விளங்கும் தளத்திலும் கார்ப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. இத்தகைய தளங்களில் ஓட்டுநர் எஞ்சினை எப்போதும் மிகுந்த சுற்று வேகத்திலேயே வைத்திருக்கிறார். அடிக்கடி கியர் மாற்றுகிறார். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சுற்று உடனே ஏற வேண்டும். விட்டதும் உடனே இறங்க வேண்டும். வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது எஞ்சின் வேகத்தையும் சக்கர வேகத்தையும் விரைவாகப் பொருத்துவதற்கு இலேசான ஃபிளைவீல் பெருந்துணை. அங்கு ஐட்லிங் நடுங்கினால் எவரும் கவலைப்படுவதில்லை. நெரிசலில் நின்று நின்று செல்லும் தேவையும் இல்லை.

அன்றாடச் சாலையில் அதன் குறைகள்

எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்று வேகத்தில் ஐட்லிங்கில் ஓடும்போது, மேற்கண்ட இயல்பான சக்கரத்தில் ஏறத்தாழ 275 ஜூல் ஆற்றல் சேமிப்பில் இருக்கும். இலேசான சக்கரத்தில் 172 ஜூல் மட்டுமே. ஏ.சி. கம்ப்ரஸர் இயங்கத் தொடங்கும் நொடியில், அல்லது கிளட்சை விடும் நொடியில், திடீரென விழும் சுமையை இச்சேமிப்பிலிருந்தே எஞ்சின் தாங்குகிறது. சேமிப்புக் குறைந்தால் எஞ்சின் நடுங்கும். சில வேளை அணைந்தும் போகும். முன்னரே 60 பாகை வெற்றிடம் உள்ள மூன்று சிலிண்டர் எஞ்சினில் இக்குறை மேலும் வெளிப்படும்.

மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது, சேமிப்புக் குறைந்த எஞ்சின் அணையாதிருக்க, ஓட்டுநர் சுற்று வேகத்தைக் கூட்டி, அரைக் கிளட்சில் அதிக நேரம் பிடிக்க வேண்டியிருக்கும். கிளட்ச் அதிகம் வழுக்கும். அதிக வெப்பம் பிறக்கும். அவ்வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய இரும்போ குறைந்துவிட்டது. ஒரு கணக்குக்காக, மேட்டில் ஒருமுறை கிளப்புகையில் 20,000 ஜூல் வெப்பம் ஃபிளைவீலுக்குச் செல்வதாகக் கொண்டால், 8 கிலோ வார்ப்பிரும்பின் வெப்பநிலை ஏறத்தாழ 5.4 பாகை செல்சியஸ் உயரும். 5 கிலோவின் வெப்பநிலை 8.7 பாகை உயரும். ஆறுவதற்கு இடைவெளியின்றிப் பத்து முறை கிளப்பினால் முறையே 54, 87 பாகை. கொண்டை ஊசி வளைவுகளில் வரிசையாக வண்டிகள் தேங்கும் விடுமுறை நாளை எண்ணிப் பார்த்தால் இக்கணக்கின் பொருள் புரியும்.

புதிய வண்டிகளில் வேறு சிக்கல்களும் உண்டு. 1985-இல் வழக்குக்கு வந்த இரட்டை நிறை ஃபிளைவீலில், இரு சக்கரப் பகுதிகளுக்கிடையே வில்சுருள்கள் அமைந்து எஞ்சினின் அதிர்வைக் கியர்ப் பெட்டிக்குச் செல்லாமல் தடுக்கின்றன. அதனை நீக்கி இலேசான ஒற்றைச் சக்கரத்தை வைத்தால், ஐட்லிங்கில் கியர்ப் பற்கள் கடகடக்கும் ஒலி எழக்கூடும். கிராங்க் அச்சின் வேக ஏற்றத்தாழ்வை அளந்து வெடிப்புத் தவறுகளைக் கண்டறியும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில், சுழற்சியின் சீர் குலைந்தால் இல்லாத பழுதுக்கு எச்சரிக்கை விளக்கு எரியவும் வாய்ப்புண்டு. 2012-இல் வெளிவந்த ஃபோர்டின் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சினில், அதிர்வைத் தணிக்கும் பொருட்டு ஃபிளைவீலையே வேண்டுமென்று ஒருபக்க எடையோடு அமைத்துள்ளனர். அத்தகைய சக்கரத்தை “சமப்படுத்துகிறேன்” என்று ஒருவர் கடைந்தால், நோயைத் தீர்ப்பதாக எண்ணி மருந்தை அகற்றியவராவார்.

கடைசலில் மறைந்துள்ள ஆபத்து

இதுவரை கண்டவை வசதிக் குறைவுகள். இனிக் காண்பது உயிர் பற்றியது.

இயல்பான ஃபிளைவீல்கள் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனவை. இவ்வுலோகம் அழுத்தத்தை நன்கு தாங்கும்; இழுவிசையை அவ்வளவாகத் தாங்காது. சுழலும் சக்கரத்திலோ ஒவ்வொரு துகளும் வெளிநோக்கி விலக முயல்வதால், உலோகம் முழுவதும் இழுவிசைக்கு உள்ளாகிறது. நிமிடத்திற்கு 6,000 சுற்று வேகத்தில், 14 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 317 கி.மீ. வேகத்தில் விரைகிறது. சுற்று வேகம் இருமடங்கானால் இழுவிசைத் தகைவு நான்கு மடங்காகும். இந்நிலையில் லேத் உளி விட்டுச்சென்ற கூரிய மூலையோ, மெலிந்துபோன உட்பகுதியோ, கிளட்ச் வெப்பத்தால் முகத்தில் படர்ந்த மயிரிழை வெடிப்போ இருந்தால், பிளவு அங்கிருந்து தொடங்கும். பிளந்த சக்கரத்தின் துண்டு கியர்ப் பெட்டியின் உறையையும் துளைத்து வெளியேற வல்லது. பந்தயக் கார்களில் கிளட்சைச் சுற்றிக் கனத்த எஃகுக் காப்புறை பொருத்தப்படுவதன் காரணம் இதுவே.

ஆகவே இலேசான சக்கரமே வேண்டும் என்போர், அதற்கெனவே வடிவமைத்து எஃகில் அடித்து உருவாக்கியதை வாங்க வேண்டும். அல்லது எஃகு உராய்வு முகம் பதித்த அலுமினியச் சக்கரத்தை வாங்க வேண்டும். பொருத்துமுன் கிளட்ச் உறையோடு சேர்த்துச் சுழல் சமநிலையைச் சோதிக்க வேண்டும். புதிய போல்ட்டுகளைக் குறித்த முறுக்களவில் இறுக்க வேண்டும். பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தைக் கண்ணளவில் கடைந்து மெலிவிப்பது எந்நிலையிலும் ஏற்புடையதன்று. உராய்வு முகத்தைச் சமன்செய்ய, தயாரிப்பாளர் வகுத்த குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போகாமல் சிறிதளவு கடைவது வேறு. எடை குறைக்கக் கடைவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது.

யாருக்கு எது தகும்?

பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு: முறையாகத் தயாரிக்கப்பட்ட இலேசான சக்கரம்.

வார நாளில் அலுவலகமும் விடுமுறையில் விரைவோட்டமும் விழையும் இளைஞருக்கு: இயல்பான சக்கரத்தைவிடச் சற்றே குறைந்த எஃகுச் சக்கரம். ஐட்லிங் நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ள அவர் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

குடும்ப வண்டி, வாடகை வண்டி, மலைப்பாதை வண்டி, சுமை ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு: தயாரிப்பாளர் அளித்த இயல்பான சக்கரமே.

பழைய சக்கரம் தேய்ந்தோ வெடித்தோ இருப்பின், அதே அளவில் புதியதை மாற்றுவதே முறை.

முடிவுரை

அன்று அந்த மாணவர் கணக்குத் தாளை மடித்து எடுத்துச் சென்றார். ஒரு வாரம் கழித்து வந்து, “அண்ணன் சக்கரத்தைக் கடையவில்லை ஐயா. அந்தப் பணத்தில் நல்ல கிளட்ச் தட்டும், முன்பக்கத்து இரண்டு டயரும் போட்டுவிட்டார்” என்றார். வண்டி பறக்கவில்லை; ஆனால் மலையேறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வீட்டில் அடுப்பும் எரிகிறது. ஆறு விழுக்காடு வேகத்துக்கு மாற்றாக அவர்கள் எதைப் பணயம் வைத்திருப்பார்கள் என்பதை எண்ணும்போது, பாடநூலின் ஒரு சிறு சூத்திரம் எத்தனை பெரிய காவலாக நிற்கிறது என்பது புலனாகிறது.

இறைவன் படைப்பில் யாவும் ஓர் அளவோடும் சமநிலையோடும் அமைந்துள்ளன என்பது நம் பெரியோர் நமக்கு ஊட்டிய நம்பிக்கை. மனிதன் செய்யும் கருவிக்கும் அதனதன் அளவு உண்டு. எடை கூடுதல் என்பதாலேயே அது வீண் சுமையாகிவிடாது. எடை குறைவு என்பதாலேயே அது முன்னேற்றமாகிவிடாது. எப்பணிக்கு எவ்வளவு என்று அறிவதே அறிவு. மாணவச் செல்வங்கள் எவர் சொல்லையும் கேட்டவுடன் ஏற்காமலும் கேட்டவுடன் தள்ளாமலும், தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்வார்களாக. அதனைத் தாய்மொழியில் தம் வீட்டாருக்கும் விளக்கிச் சொல்வார்களாக. கற்ற கல்வியின் பயன் வீட்டு வாசலை எட்டும் வழி அதுவே.